பாக்குவெட்டி மறைத்த இடம்

ஒன்பதாம் அத்தியாயம்

அணுவுக்குள்ளே என்ன நடக்கிறது என்பதை முழுமையாக அறிந்தவர்கள் இந்தப் பூவுலகில் இதுவரை மூன்றே பேர். அவர்களில் இருவர் ஐரோப்பாவில் காலமாகிவிட்டார்கள். மூன்றாமவர் தாழைவிளையில், கிணற்றடியில் நின்று, உமிக்கரியால் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தகவலை வெளியிட்டவரும் அவரேதான். பெயர் பொன்னுலிங்கம். நாகர்கோவிலில் பி.எஸ்ஸி. பௌதிகம், கடைசி வருஷம். வாய் நிறையக் கரியோடு இதை அறிவித்தபோது அவன் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. கேட்டுக்கொண்டிருந்த அம்மா தாணம்மாளும் சிரிக்கவில்லை. அவள் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ரெண்டு பேரும் எப்பிடிச் செத்தாவ?" என்று மட்டும் கேட்டாள்.

பொன்னுலிங்கம் வாயைக் கொப்புளித்துத் துப்பினான். அந்தக் கேள்விக்கு அதுவே போதும் என்று அவனுக்குத் தோன்றியது.

தாழைவிளையின் பத்து நாள் சங்கதி வாசகர்களுக்கு மறந்திருக்காது. மறந்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பஸ் கட்டணம் ஏறியதிலிருந்து எல்லோருக்கும் மறதி. கடற்கரை மணலைச் சலித்துக் கப்பலேற்றும் கம்பெனி, வேண்டியதைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் மஞ்சள் மணலை என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தது. அந்த மணலில் கதிரியக்கம் உண்டு. கடலில் கொட்டக் கூடாது, கண்டவருக்கு விற்கவும் கூடாது, பூட்டித்தான் வைக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. இடம் தேடி வந்தவர்களின் கண்ணில் பொன்னுலிங்கத்தின் அப்பா வைகுண்டராஜன் தேங்காய் சேர்த்து வைக்கும் கிட்டங்கி பட்டது. நல்ல கிட்டங்கி. ஒரே ஒரு குறை, அது வீட்டோடு ஒட்டியது. நடுவே பலகைச் சுவர்தான். முதல் தவணையாகப் பன்னிரண்டு மூட்டை உள்ளே போய், கம்பெனிப் பூட்டும் தொங்கியாயிற்று. மீதி வரவேண்டுமானால் வைகுண்டராஜன் பத்து வருஷப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

போன வாரம் வியாகுலம்மாள் தலைமையில் கடற்கரைப் பெண்கள் லாரிக்கு முன்னால் மீன்கடவத்தை, அந்தப் பெரிய ஓலைக்கூடையை, வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். அதனால் ஊர்கூடிப் பேசிவிடுவது என்று முடிவானது. அந்தக் கூட்டம் இன்று மாலை நாலு மணிக்கு.

கூட்டத்தில் பத்து நிமிஷம் பேசி ஊரின் பயத்தைத் தெளிவிக்கப்போகிறவன் நம் மூன்றாமவன். பேசி முடித்தால் கம்பெனிப் பரிசோதனைச் சாலையில் அவனுக்கு வேலை. நியமன உத்தரவு சூப்பர்வைசரின் சட்டைப் பையில் தயாராக இருந்தது. பொன்னுலிங்கம் அதைத் துணிக்கு வெளியிலிருந்தே இரண்டு தடவை பார்த்திருக்கிறான்.

பல் தேய்த்த கையோடு அவன் அக்காவின் அறைக்குள் எட்டிப் பார்த்தான். முத்துக்கனிக்கு ஏழாம் மாதம். போன ஞாயிற்றுக்கிழமைதான் சோறு பொங்கிக் கொடுத்து, படம் பிடித்து, பிரசவத்துக்கு வீட்டோடு இருத்திக்கொண்டார்கள். அவள் கணவன் தங்கையன் குலசேகரத்தில் லாரி ஓட்டுகிறவன். விருந்து முடிந்த கையோடு போய்விட்டான். அவள் கட்டில் பலகைச் சுவரை ஒட்டிக் கிடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு மூட்டை. தலைமாட்டில் ஒரு மரப்பெட்டி. அதன்மேல் இரும்புப் பாக்குவெட்டி.

"இன்னும் இந்த ஆயுதம் காவலுக்கு நிக்கா?" என்றான்.

"அம்மா வச்சது. நீ தொடாத."

"பிள்ளத்தாச்சி தலமாட்டுல இரும்பு வச்சா பேயி வராது. ஏன் வராது? பேயிக்கும் இரும்புக்கும் என்ன வழக்கு?"

தாணம்மாள் அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள். "ஏலே, வெட்டுற வாயி வெளிய பாத்து இருக்கா? பிள்ளைக்க பக்கம் திரும்பிரப்பிடாது."

"கேட்டியா அக்கா, திசையும் உண்டாம். பேயி தெக்க இருந்து வந்தா என்ன செய்ய? பாக்குவெட்டிக்கு ஒரு சக்கரம் வச்சுச் சுத்த விடலாமா?"

முத்துக்கனி சிரித்தாள். வயிறு குலுங்கியது. "நீ மட்டும் என்ன, அண்ணைக்கு ஒனக்க மணல்பையத் தூக்கி இந்தப் பாக்குவெட்டி மேல போட்டுட்டுப் போனியே. நாலு நாளு அப்பிடியே கெடந்துது."

உண்மைதான். சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கிய இரண்டு படி மஞ்சள் மணலை அவன் துணிப்பையில் தைத்து வைத்திருந்தான். ஊர் முழுக்க அதைக் கையில் தூக்கிக் காட்டி, "பாருங்க, நான் செத்தேனா?" என்று கேட்டு வருவது அவன் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாக்குவெட்டியைப் பார்த்ததும் அதன் மேலேயே பையை வைத்து, "பழைய காவலுக்கு மேல புதுக் காவல்" என்று சொல்லிவிட்டுப் போனான். வியாழக்கிழமைதான் திரும்ப எடுத்தான்.

அந்த நகைச்சுவையைத் தவிர அதில் வேறொன்றும் இருப்பதாக அப்போது அவனுக்குத் தெரியவில்லை.

எட்டு மணிக்குப் பின்வாசலில் கடவம் இறங்கிய சத்தம் கேட்டது. வியாகுலம்மாள். ஐம்பது வயது, ஒரு மைலுக்குக் கேட்கும் குரல். கூட்டம் சாயங்காலம்தானே, மீன் காலையில்தானே விற்க வேண்டும்? எதிர்க்கட்சி வீட்டுக்கும் சாளை மீன் வேண்டியிருந்தது.

"தாணம்மா, பத்து கூட வச்சிருக்கேன். பிள்ளத்தாச்சிக்கு." பிறகு பொன்னுலிங்கத்தைப் பார்த்தாள். "என்ன மக்கா, சாயந்தரம் பிரசங்கமாமே?"

"உங்க மீன்கடவ விஞ்ஞானக் கழகத்துக்குப் பதில் சொல்லணும்லா மாமி?"

"சொல்லு, கேப்போம்."

"நீங்க பொறந்ததுல இருந்து இந்த மணலு மேலதான் இருக்கிய. வலைய அதுலதான் காயப் போட்டிய, பிள்ளைய அதுலதான் தவழ விட்டிய. அப்பெல்லாம் வராத பயம் இப்ப எங்கேருந்து வந்துது?"

இது அவனுடைய பேச்சின் மூன்றாவது பக்கத்தில் வரும் பகுதி. நன்றாக இருப்பதாக அவனே அடிக்கோடிட்டிருந்தான்.

வியாகுலம்மாள் அவசரப்படவில்லை. சாளையை எண்ணிச் சட்டியில் போட்டுக்கொண்டே கேட்டாள். "மக்கா, மொளகா செடியில கெடக்கும்ப பக்கத்துல போனா தும்முவியா?"

"மாட்டேன்."

"ஒரு மூட்டை வத்தல இடிச்சு, சன்னல் இல்லாத அறையில கொட்டி, அதுக்குள்ள ஒன்னப் போட்டுக் கதவ அடைச்சா?"

பொன்னுலிங்கம் மூக்கைத் தேய்த்துக்கொண்டான்.

"கடக்கரையில அது பரந்து கெடந்துது. கொஞ்சம் இங்க, கொஞ்சம் அங்க. நீங்க சலிச்சுச் சலிச்சு, காரத்த மட்டும் தனியா வாரி, ஒனக்க அக்காவுக்க தலமாட்டுல குவிச்சிருக்கிய. மனசிலாச்சா?"

"உவமானம் விஞ்ஞானம் ஆவாது மாமி."

"ஆவாண்டாம். போன வருசம் ஜப்பான்காரன் வள்ளத்துல குண்டுச் சாம்பலு விழுந்துதுல்லா, உபதேசியாரு பேப்பர் வாசிச்சாரு. அவன் பிடிச்ச மீன அவன் ஊருலயே வாங்க ஆளில்ல. நாளைக்குத் தாழைவிளை மீனுன்னு சொன்னா வடசேரிச் சந்தையில எவளாவது எனக்க கடவத்துல கை வைப்பாளா?"

"அது குண்டு. இது மணல்."

"ரெண்டும் ஒரே பொஸ்தகத்துலதான் கெடக்குன்னு ஊரெல்லாம் சொன்னது நீதானே?"

சொன்னதுதான். பெருமையாகச் சொன்னது. வியாகுலம்மாள் சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்து, கடவத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பொன்னுலிங்கம் பேச்சுக் காகிதத்தை எடுத்து, மூன்றாவது பக்கத்து அடிக்கோட்டை ரப்பரால் லேசாக அழித்தான். வாக்கியத்தை அழிக்கவில்லை. கோட்டை மட்டும்.

பதினொரு மணி பஸ்ஸில் ஜெபமணி வந்து இறங்கினார். வடசேரியில் ஸ்டூடியோ வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமை முத்துக்கனிக்குப் படம் பிடித்தவர். அன்றைக்கு அவருக்கு இனயத்தில் அடுத்தடுத்து இரண்டு கல்யாணம். கடற்கரை ஈரத்தில் படம் பிடித்த கண்ணாடிப் பிளேட்டுகள் கெட்டுவிடும் என்று, எடுத்து முடித்தவற்றைக் கறுப்புக் காகிதத்தில் சுற்றி ஓர் அட்டைப் பெட்டியில் வைத்து, "இருட்டான, காஞ்ச எடமாப் பாத்து வையுங்க" என்று கொடுத்துவிட்டுப் போனார். வியாழக்கிழமை திரும்பி வந்து வாங்கிக்கொண்டார்.

இப்போது குடையை மடக்காமலே வீட்டுக்குள் வந்தார். கோபம் அப்படி.

"பெட்டிய எவன் தொறந்தான்?"

யாரும் திறக்கவில்லை.

"இருவத்திரெண்டு வருசம். கல்யாணம் எடுத்திருக்கேன், சாவு எடுத்திருக்கேன், மந்திரி வந்தப்ப மரத்து மேல ஏறி எடுத்திருக்கேன். ஒரு பிளேட்டு பொகஞ்சதில்ல. நேத்து கழுவிப் பாத்தா ஒண்ணுமில்ல. பாலு ஊத்தின மாதிரி!"

மூன்று படங்களைக் கட்டில்மேல் எறிந்தார். மூன்றும் வெள்ளை. உற்றுப் பார்த்தால், மூடுபனிக்குள் யாரோ நிற்பது போல ஒரு மங்கல்.

பொன்னுலிங்கம் ஒரு படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். இந்த மாதிரி விஷயங்களில் அவன் கருத்துச் சொல்லாமல் இருந்ததில்லை. "கறுப்புக் காயிதத்துல ஊசி ஓட்டை இருந்திருக்கும். வெளிச்சம் பூந்திருக்கும். பௌதிகத்துல இது சாதாரணம்."

"ஓட்டை இல்ல. வெளிச்சமும் இல்ல. வெளிச்சம் பூந்தா இந்த மாதிரி எளவு விழாது." ஜெபமணி சட்டைக்குள்ளிருந்து நாலாவது படத்தை எடுத்தார். "இது பெட்டியில மேலால இருந்த பிளேட்டு. பாத்துச் சொல்லு, பௌதிகம்."

படம் முழுக்க வெள்ளை. நடுவில் மட்டும், சாய்வாக, வெள்ளையில் வெட்டி எடுத்தது போல ஒரு வடிவம். இரண்டு நீளக் கால்கள். ஒரு முனையில் வளைந்த வாய். அந்த வடிவத்துக்குள்ளே மட்டும் ஞாயிற்றுக்கிழமை எடுத்த படம் தப்பிப் பிழைத்திருந்தது. கறுப்புப் பட்டுச் சேலை. வயிற்றின் மேல் வளையல் போட்ட ஒரு கை.

தாணம்மாள் எட்டிப் பார்த்தாள். "எம்மாடி, இது நம்ம பாக்குவெட்டில்லா!"

முத்துக்கனி தலைமாட்டுப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். "ஆமாம்மா. பிளேட்டுப் பெட்டிய இதும்மேலதான் வச்சோம். அதும்மேல பாக்குவெட்டி. அதும்மேல..."

அவள் நிறுத்திக்கொண்டாள். தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

போன வருஷப் பரீட்சையில் மூன்றாவது கேள்வி: கதிரியக்கம் கண்டுபிடிக்கப்பட்ட விதத்தை விவரி. பொன்னுலிங்கம் இரண்டரைப் பக்கம் எழுதியிருந்தான். ஒரு பிரெஞ்சுக்காரர், ஓர் இழுப்பறை, கறுப்புக் காகிதத்தில் சுற்றிய பிளேட்டு. மேலே ஒரு யுரேனிய உப்பு. இடையே ஓர் உலோகத் துண்டு. கழுவிப் பார்த்தால் பிளேட்டில் உலோகத்தின் நிழல். பத்துக்கு எட்டு மார்க்.

அதே பரிசோதனையைத் தன் அக்காவின் தலைமாட்டில், ஒரு குறைவுமில்லாமல், நாலு நாள் செய்து முடித்திருந்தான். செய்வது தெரியாமல் செய்திருந்தான்.

"இரும்பு காத்துட்டு பாத்தியா?" என்றாள் தாணம்மாள்.

சாதாரணமாக இந்த இடத்தில் அவனுக்கு ஒரு பதில் வரும். பீட்டாக் கதிர் என்றோ, உலோகத்தின் அடர்த்தி என்றோ. வாயைத் திறந்தான். அம்மா சொன்னதும் புத்தகம் சொல்வதும் படத்தில் ஒரே இடத்தைத்தான் தொட்டு நின்றன என்பது தெரிந்தது.

"அப்ப எனக்க கையில கொறையில்ல?" என்றார் ஜெபமணி.

"இல்ல அண்ணாச்சி. மணலு செய்தது."

"எழுதித் தருவியா? ஸ்டூடியோவுல மாட்டணும்." முழு நிம்மதியோடு குடையை மடக்கினார். நாலாவது படத்தைப் பொன்னுலிங்கம் திருப்பித் தரவில்லை. அவரும் கேட்கவில்லை.

மத்தியானம் முழுக்க அவன் தனக்குத் தானே வழக்காடினான். பிளேட்டு வேறு, மனிதன் வேறு. சின்ன வெளிச்சத்துக்கே மயங்கும்படி செய்யப்பட்டது பிளேட்டு. பை தொட்டுக்கொண்டு கிடந்தது. மூட்டைகள் பலகைக்கு அந்தப் பக்கம் அல்லவா? பீட்டாக் கதிரைப் பலகை தடுத்துவிடும். சரி. காமாக் கதிரை? அதற்குப் பலகை என்பது சன்னல் துணி மாதிரி. பை நாலு நாள். பத்திரம் பத்து வருஷம். பை இரண்டு படி. மூட்டை இப்போது பன்னிரண்டு, பிறகு இருநூறு.

பேச்சுக் காகிதத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தான். பாதியில் நின்றது. ஏழு மாதக் குழந்தைக்கு எவ்வளவு வரை ஆகும் என்று அவன் படித்த புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை. வராமல் போன அந்த இரண்டு மார்க் ஒருவேளை அந்த வரிக்காக இருக்கலாம்.

தெரியாது. இந்தச் சொல்லை அவன் கல்லூரியில் சேர்ந்த நாள்முதல் உபயோகித்ததில்லை.

எழுந்து போய் அக்காவின் கட்டிலைப் பிடித்து இழுத்தான். தேக்குக் கட்டில், தரை கீச்சிட்டது.

"ஏலே, மூணாவது ஆளு, என்னல செய்யுத?" என்றாள் முத்துக்கனி.

"இங்க காத்து வராது. அடுப்படிப் பக்கத்து அறையில நல்ல காத்து."

"இத்தன நாளா இல்லாத காத்து இண்ணைக்கா?"

"இண்ணைக்குத்தான் திரும்பியிருக்கு. நீ எழும்பு."

அவள் எழுந்து, தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். தலையணைக்கடியில் இருந்த ஒரு தபால் கார்டையும் மறக்காமல் எடுத்துக்கொண்டாள். காலையில் வந்தது. அதில் என்ன என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

நாலு மணிக்குப் புன்னைமரத்தடியில் ஊர் கூடியது. ஒரு பக்கம் கடற்கரைப் பெண்கள், கவிழ்த்துப் போட்ட கடவங்களின்மேல். மறுபக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் விளைக்காரர்கள். நடுவே பெஞ்சு, பெஞ்சில் சூப்பர்வைசர், மடியில் பத்திரம். வைகுண்டராஜன் நெற்றியில் நாமம் பளிச்சிட வந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஊருக்குத் தெரியும். வழிபாட்டிடமான பதியில் அய்யாவைக் கும்பிட நிற்கும் கோலம் அது. அந்தத் துண்டு தலையில் இருக்கும்போது அவர் பொய் சொன்னதில்லை. தேங்காய் வியாபாரி ஆனதால் மற்ற நேரங்களைப் பற்றி யாரும் உத்தரவாதம் தருவதில்லை.

"நம்ம ஊர்ப் பையன், சயன்ஸ் படிச்ச ஆள், பொன்னுலிங்கம் இப்பம் பேசும்" என்றார் சூப்பர்வைசர்.

பொன்னுலிங்கம் எழுந்தான். ஒரு கையில் பேச்சு. மறு கையில் மணல்பை. பெண்கள் பக்கத்தில் யாரோ, "பிள்ளையத் தூக்கிட்டு வந்துட்டான்" என்றாள். சிரிப்பு.

"பெரியோர்களே, தாய்மார்களே. அணுவுக்குள்ளே என்ன நடக்கிறது என்பதை..."

அடுத்த வார்த்தை காகிதத்தில் தெளிவாக இருந்தது. வாயில் வரவில்லை.

"நில்லுல" என்றார் வைகுண்டராஜன். "உள்ள நடக்கது இருக்கட்டும். நான் கேக்கதுக்குச் சொல்லு. நான் தலப்பா கெட்டியிருக்கேன், பாத்துக்க. ஒனக்க அக்காவ அந்த அறையில திரும்பக் கெடத்தலாமா, கூடாதா?"

கட்டில் இடம் மாறியதை அவர் பார்த்திருக்கிறார்.

சூப்பர்வைசரின் சட்டைப் பையில் காகிதத்தின் மடிப்பு ஒரு விரற்கடை வெளியே தெரிந்தது. இன்றைக்கு அது வழக்கத்தைவிட வெள்ளையாக இருந்தது.

"கூடாதுப்பா" என்றான் பொன்னுலிங்கம்.

பேச்சுக்கடியில் மறைத்து வைத்திருந்த படத்தை எடுத்து அப்பாவிடம் நீட்டினான். வைகுண்டராஜன் அதை அருகில் பிடித்துப் பார்த்தார், தூரப் பிடித்துப் பார்த்தார்.

"இது வீட்டுப் பாக்குவெட்டில்லா?"

"ஆமா."

"உள்ள தெரியுறது?"

"அக்காவுக்க கை."

"மீதியெல்லாம்?"

"மீதிய இந்த மணலு தின்னுட்டு. நாலு நாளுல."

சூப்பர்வைசர் எழுந்தார். "மிஸ்டர், போட்டோ பிளேட் வேறே, மனுஷன் வேறே. படிச்ச ஆள் இங்ஙன பறையலாமா?"

"அதத்தான் சார் நானும் மத்தியானம் முழுக்க எனக்கே சொல்லிப் பாத்தேன்."

"இதனால என்ன தோஷம் வரும்? சொல்லும்!"

"எனக்குத் தெரியாது சார்." தாழைவிளைக்கு இந்தக் குரலில் இந்தச் சொல் புதிது. "ஒங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சா, இவ்வளவு நாளு, இவ்வளவு மூட்டை, பிள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்க. நான் மீதி ஒம்பது நிமிசமும் பேசுகேன்."

சூப்பர்வைசர் கெட்ட மனிதர் அல்ல. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீண்ட நேரம் துடைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்த காகிதத்தை எடுத்து, தோல்பைக்குள் பத்திரமாக வைத்து, பொத்தானைப் போட்டார். கூட்டத்தில் அந்தச் சின்னச் சத்தம் பொன்னுலிங்கத்துக்கு மட்டும் கேட்டது. அவன் மணல்பையை அவர் காலடியில் வைத்தான்.

வியாகுலம்மாள் இப்போது கத்துவாள், மிளகாயை இழுப்பாள் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டான். அவள் கத்தவில்லை. தான் உட்கார்ந்திருந்த கடவத்தில் கொஞ்சம் நகர்ந்தாள்.

"இரி மக்கா" என்றாள்.

வைகுண்டராஜன் பேனாவின் மூடியைத் திருகி மூடினார். "சாறே, பத்திரம் வேண்டாம். பன்னெண்டு மூட்டையையும் எடுத்துக்கிடுங்க."

"பூட்டு கம்பெனிப் பூட்டாணு. மேலாபீஸ் சொல்லாம தொறக்க ஒக்காது. அடுத்த நாப்பது மூட்டைக்கும் உத்தரவு போயாச்சு. திங்கக்கிழமை லாரி வரும்." அவர் குரலில் மிரட்டல் இல்லை, அலுப்புத்தான் இருந்தது. "அத நிறுத்த என்னாலயும் ஒக்காது."

"லாரி இந்த ரோட்டுலதானே வரணும்?" என்றாள் வியாகுலம்மாள். பெண்கள் எழுந்து கடவங்களை நிமிர்த்தினார்கள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் பொன்னுலிங்கம் வீட்டுக்கு வந்தான். அடுப்படி அறையில் உண்மையாகவே காற்று இல்லை. முத்துக்கனி விசிறியோடு படுத்திருந்தாள்.

"வேலை போச்சாமே. அப்பா சொன்னாவ."

"வரவே இல்ல. எப்பிடிப் போவும்?"

"ஏலே பொன்னு." அவள் விசிறியை நிறுத்தினாள். "திங்கக்கெழமை லாரிய மறிக்கப் போறியளா?"

"மாமி மறிப்பாவ. நானும் போய் இருப்பேன்னு நெனைக்கேன்."

அவள் தலையணைக்கடியிலிருந்து தபால் கார்டை எடுத்துக் கொடுத்தாள். தங்கையன் பென்சிலில் எழுதியிருந்தான். ரப்பர் லோடு குறைந்துவிட்டது, மணல் கம்பெனியில் நல்ல ஓட்டம் கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை நாற்பது மூட்டையோடு தாழைவிளைக்கு வருகிறேன். அப்படியே உன்னையும் ஒரு கண் பார்த்துவிட்டுப் போவேன்.

பொன்னுலிங்கம் இரண்டு முறை படித்தான். கார்டை அவளிடமே திருப்பிக் கொடுத்தான். அவள் கண்ணை மூடினாள், மூச்சு சீராக வரத் தொடங்கியது.

அவன் மெல்ல எழுந்து, பழைய அறைக்குப் போனான். அங்கே மரப்பெட்டி மட்டும் தனியாகக் கிடந்தது, அதன்மேல் பாக்குவெட்டி. பலகைச் சுவரைப் பார்த்தான். அந்தப் பக்கத்தில் எந்தச் சத்தமும் இல்லை. அதுதான் அந்த மணலின் குணம். பாக்குவெட்டியை எடுத்து வேட்டித் தலைப்பால் துடைத்தான். திரும்பி வந்து, அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருக்கிறாளா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டு, அக்காவின் தலையணைக்கடியில் மெதுவாகச் செருகினான்.

முத்துக்கனி கண்ணைத் திறக்கவில்லை.

"ஏலே," என்றாள், "வாயி வெளிய பாத்து இருக்கணும்."

பொன்னுலிங்கம் அதை எடுத்து, திருப்பி வைத்தான்.